கணினி விளையாட்டின் மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டலாமா?

தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஒரு தந்தையின் கேள்வி இது. அவருடைய மகனுக்கு எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு, ஜூலை மாதக் கடைசியில் பிறந்தவன். வகுப்பில் உட்காருவதில்லை, எழுதுவதை முடிப்பதில்லை, டியூஷன் அக்காவும் கைவிட்டுவிட்டார். நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் இருபது நிமிடம் கணினியில் ஒரு விளையாட்டு ஆடவைத்து, "கட்டுப்பாட்டு மதிப்பெண் குறைவு, ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) உறுதி" என்று எழுதிக் கொடுத்து, நாற்பது அமர்வு மூளைப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் அதே போன்ற சோதனையில் மதிப்பெண் இயல்பாக வந்ததால், "பையனுக்கு ஒன்றுமில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கேரம் போர்டு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறான், இரவில் குறட்டை விடுகிறான், "நீயும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாய்" என்று பாட்டி சொல்கிறார். இரண்டில் எது சரி, மறுபடியும் அந்தச் சோதனையை எடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

ராயபுரம் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளன் என்ற முறையில் என் பதில்: இரண்டு இடத்திலும் முடிவுக்கு வந்த வழி தவறு. குறைந்த மதிப்பெண் ஏ.டி.எச்.டி.யை உறுதி செய்யாது. இயல்பான மதிப்பெண் அதை மறுக்கவும் செய்யாது. இப்படி ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் குழப்பம் இந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

முதலில் அந்தச் சோதனை எதை அளக்கிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து ஆடும் "பற பற" விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். "காக்கா பற பற" என்றால் கையைத் தூக்க வேண்டும், "குருவி பற பற" என்றாலும் தூக்க வேண்டும், அதே வேகத்தில் "மாடு பற பற" என்று ஒருவர் சொல்லும்போது கை தரையிலேயே இருக்க வேண்டும். மாடு பறக்காது என்பது நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கை எழுந்துவிடும். தெரிந்திருப்பதற்கும், எழப்போகும் கையை நிறுத்துவதற்கும் இடையில் உள்ள அந்தத் திறனைத்தான் அறிவாற்றல் கட்டுப்பாடு என்று குறிப்பிடுகிறோம். கணினித் திரையில் சில படங்களுக்குப் பொத்தானை அழுத்தவும் ஒரு படத்துக்கு மட்டும் அழுத்தாமல் இருக்கவும் சொல்லும் சோதனை, அடிப்படையில் இந்த விளையாட்டேதான். நேரத்தை மில்லி நொடிக் கணக்கில் அளப்பது மட்டுமே அதில் கூடுதல்.

நிறுத்துவது அதன் ஒரு பகுதி. "அரைக் கிலோ சர்க்கரை, ஒரு பால் பாக்கெட், தீப்பெட்டி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வா" என்று கடைக்கு அனுப்பினால், போகும் வழியில் நாய்க்குட்டியைப் பார்த்தாலும் அந்த நான்கையும் மனத்தில் பிடித்துவைத்திருப்பது இன்னொரு பகுதி. அதைச் செயல்நினைவு என்கிறோம். கல்லா மண்ணா ஆட்டத்தில் ஒரு சுற்றில் கல் பாதுகாப்பு, மறு சுற்றில் மண் பாதுகாப்பு என்று மாறும்போது பழைய விதியை விட்டுப் புதிய விதிக்குத் தாவுவது மூன்றாவது பகுதி. மியாகேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, ஆயினும் தனித்தனியானவை என்று புள்ளியியல் முறையில் காட்டியது. கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு அது. சிறு குழந்தைகளிடம் இம்மூன்றும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருப்பதில்லை என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டனர். ஆகவே ஆறு வயதுக் குழந்தையின் அறிக்கையில் மூன்று தனித்தனிக் கட்டங்களில் மூன்று மதிப்பெண் அச்சிட்டுக் கொடுத்திருந்தால், அச்சின் தெளிவு குழந்தையின் மூளையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தத் திறன்களுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியும் அதனோடு இணைந்த வலைப்பின்னல்களும் தேவை. அவை முதிர்ந்து முடிய இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. 2007-இல் ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் 223 ஏ.டி.எச்.டி. குழந்தைகளையும் அதே எண்ணிக்கையில் பிற குழந்தைகளையும் எம்.ஆர்.ஐ. படங்கள் வழியாக ஒப்பிட்டபோது, மூளையின் மேலடுக்கான புறணியின் பாதிப் பகுதிகள் தம் உச்சத் தடிமனை எட்டிய இடைநிலை வயது பிற குழந்தைகளுக்கு 7.5 ஆகவும், ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கு 10.5 ஆகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசை ஏறத்தாழ அதேதான், காலம் தள்ளிப்போயிருக்கிறது. "வயதுக்கேற்ற புத்தி இல்லை" என்று நம் வீடுகளில் அலுத்துக்கொள்வதில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது என்று இதைப் படித்தபோது நினைத்தேன். ஆனால் குழுக்களின் சராசரியில் தெரியும் இந்த இடைவெளியைக் கொண்டு தனி ஒரு பிள்ளையை ஸ்கேன் எடுத்து ஏ.டி.எச்.டி. என்று சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, கட்டுப்பாட்டுத் திறன் குறைவதே ஏ.டி.எச்.டி.யின் வேர் என்றால், அதை அளந்து பார்த்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1997-இல் பார்க்லி என்ற உளவியலாளர், தன்னை நிறுத்திக்கொள்ளும் திறனின் குறையே ஏ.டி.எச்.டி.யின் மையம், மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை என்று ஒரு வலிமையான கோட்பாட்டை முன்வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஏராளமான சோதனைகள் நடந்தன. 2005-இல் வில்கட் குழுவினர் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏ.டி.எச்.டி. குழுவின் சராசரி எல்லாச் சோதனைகளிலும் பின்தங்கியே இருந்தது. அந்த வகையில் கோட்பாடு பொய்க்கவில்லை. ஆனால் பின்தங்கிய அளவு நடுத்தரமானது. பெரும்பாலான திறன்களில் குழுக்களின் இடைவெளி திட்ட விலக்கத்தில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கியது.

இந்த எண்ணைப் பெற்றோருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறேன். ஏ.டி.எச்.டி. உள்ள ஒரு பிள்ளையையும் இல்லாத ஒரு பிள்ளையையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து இருவருக்கும் இந்தச் சோதனையை வைத்தால், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை குறைவாக வாங்குவது நூற்றுக்கு அறுபத்தைந்து தடவை அளவில்தான் நடக்கும். மீதி முப்பத்தைந்து தடவை அவனே கூடுதலாக வாங்குவான். காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது தடவை சரியாக வருமே! ஏதேனும் ஒரு தனிச் சோதனையை எடுத்துக்கொண்டால், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே அதில் தெளிவான குறைபாடு காட்டுகிறார்கள் என்பதும் அதே காலகட்டத்தில் தெரியவந்தது. உங்கள் மகனின் இரண்டாவது சோதனை இயல்பாக வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. ஒரு பள்ளியில் நூறு பிள்ளைகள். அவர்களில் ஆறு பேருக்கு ஏ.டி.எச்.டி. என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த ஆறில் பாதியைப் பிடிக்கிறது, மற்றவர்களில் பத்தில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது. அப்படியானால் வலையில் விழுபவர்கள் சுமார் பன்னிரண்டு பேர். அவர்களில் மூவருக்குத்தான் உண்மையில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது, ஒன்பது பேருக்கு இல்லை. வெளியே தப்பிய மூவரின் பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். காசிமேட்டு மீனவர்கள் இதைவிட நல்ல வலை பின்னுவார்கள்.

அடுத்து, இந்தச் சோதனைகளுக்கும் வீட்டில் நீங்கள் காணும் நடத்தைக்கும் உள்ள உறவு. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் கேள்வித்தாள்கள் சில உள்ளன; "சொன்ன வேலையைப் பாதியில் விடுகிறானா", "தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா" போன்ற கேள்விகள் அவற்றில் இருக்கும். அவையும் இதே கட்டுப்பாட்டுத் திறனை அளப்பதாகவே சொல்லப்படுகின்றன. 2013-இல் டோப்லக், வெஸ்ட், ஸ்டானோவிச் ஆகிய மூவர் 20 ஆய்வுகளைத் திரட்டி இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டபோது, தொடர்புக் கெழுவின் நடு மதிப்பு வெறும் 0.19 என்று வந்தது. ஒன்று முழுமை, பூஜ்யம் தொடர்பின்மை என்ற அளவில் இது மிகச் சிறியது. ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டு இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன என்பதே அவர்களுடைய முடிவு.

காரணத்தை என் அறையிலேயே தினமும் பார்க்கிறேன். சோதனையின்போது கதவு மூடியிருக்கிறது, மின்விசிறிச் சத்தம் தவிர வேறு ஓசை இல்லை, எதிரில் ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதையும் அவரே தொடங்கி அவரே முடித்து வைக்கிறார். பிள்ளைக்குக் குறைவாக உள்ள கட்டுப்பாட்டை அந்த அறையே இரவல் கொடுத்துவிடுகிறது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள், பக்கத்தில் பென்சிலால் குத்தும் நண்பன், ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், கரும்பலகையில் எழுதியதை எப்போது தொடங்கி எந்த வரிசையில் முடிப்பது என்று தானே தீர்மானிக்க வேண்டிய நிலை. ஏ.டி.எச்.டி. பிள்ளை சறுக்குவது இங்கேதான். இருபது நிமிட விளையாட்டில் சறுக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

மதிப்பெண்ணே நாளுக்கு நாள் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளில் பல, குழுக்களை ஒப்பிடும் ஆய்வகங்களுக்காக உருவானவை. நிறத்தின் பெயரை வேறு நிற மையில் எழுதிக்காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை 1935-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் அதில் தடுமாற்றம் வருவதால்தான் அது புகழ்பெற்றது. எல்லாரையும் ஒரே மாதிரி தடுமாற வைக்கும் சோதனை, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை நம்பகமாகப் பிரித்துக் காட்டுவது கடினம். 2018-இல் ஹெட்ஜ் குழுவினர் இந்த முரணைத் தெளிவாக நிறுவினார்கள். ஸ்ட்ரூப் சோதனைக்கு வேகமாக வாசிக்கவும் தெரிய வேண்டும். வாசிப்பே தள்ளாடும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதை வைத்தால் வருவது கட்டுப்பாட்டு மதிப்பெண்ணா, ஆங்கில வாசிப்பு மதிப்பெண்ணா? வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். அவர்களுடைய மதிப்பெண்ணை வெளிநாட்டுக் குழந்தைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டு "குறைவு" என்று அச்சிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், கட்டுப்பாட்டுத் திறன் குறைவது ஏ.டி.எச்.டி.க்கு மட்டும் உரிய அடையாளமாக இல்லை என்பது. காய்ச்சல் இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு டைபாய்டா டெங்குவா என்று பிரிக்க முடியாதல்லவா? ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஒரு விதியிலிருந்து மறு விதிக்கு மாறுவது கடினம். பள்ளிக்குப் போகும் வழியை ஆட்டோக்காரர் மாற்றினால் அலறும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் ஆட்டிசத்தைத் தீர்மானிப்பது சமூகத் தொடர்பில் உள்ள வேறுபாடும், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தையும், அவை சிறு வயதிலிருந்தே இருந்தனவா என்பதுமே. அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒன்பது வயதுப் பிள்ளையின் மன வளர்ச்சி ஐந்து வயதுக்குரியதாக இருந்தால், அவனிடம் ஐந்து வயதுக்குரிய கட்டுப்பாட்டைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஒன்பது வயதோடு ஒப்பிட்டுக் கூடுதலாக ஏ.டி.எச்.டி. என்ற பெயரையும் ஒட்டுவது அநியாயம். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் செயல்நினைவு குறைவாக இருப்பது சாதாரணம்; வாசிக்க முடியாததால் வகுப்பில் நெளிந்து, எழுந்து, தண்ணீர் குடிக்கப் போய், கடைசியில் "அடங்காப்பிடாரி" என்று பெயர் வாங்குவான்.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழில் "பழம்" என்பதைப் "பளம்" என்று எழுதும் வடசென்னைப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று எழுதப்பட்ட அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். காதில் விழுந்ததை அவன் நேர்மையாக எழுதியிருக்கிறான். ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் மட்டும் இருந்தால் அது பேச்சு வழக்கின் தடம். எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதிலேயே தடுமாறி, உயிர்மெய்க் குறிகளை விட்டுவிட்டு, நேற்று படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்க்கும் பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தக் குறைபாடுகள் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. இந்தியாவில் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடையே நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டோ அதற்கு மேலோ இருந்தன. செவித்திறன், பார்வைக் குறைபாடுகளையும் அந்த ஆய்வு சேர்த்தே எண்ணியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ஒன்றைச் சொன்னால் மற்றதைச் சொல்லக்கூடாது என்ற விதி இருந்தது. பிள்ளைகள் மாறவில்லை, விதி மாறியது.

அப்படியானால் ஏ.டி.எச்.டி.யை எப்படித்தான் முடிவு செய்வது? அந்தக் கையேட்டின்படி கவனக்குறைவுக்கு ஒன்பது, மிகையியக்கத்துக்கும் அவசரப்படுதலுக்கும் சேர்த்து ஒன்பது என அறிகுறிகள் உள்ளன. பிள்ளைக்கு ஏதேனும் ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு அறிகுறிகள், வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவில், ஆறு மாதமாவது இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, டியூஷன், உறவினர் வீடு என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழகுவதையோ பாதிக்க வேண்டும். வேறு காரணத்தால் இதைவிடப் பொருத்தமாக விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் எதிலும் கணினிச் சோதனை இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். வாழ்க்கை வரலாறுதான் சான்று. கர்ப்பகாலம், பிரசவம், எத்தனை மாதத்தில் நடந்தான், எப்போது பேசினான், பால்வாடி ஆயா என்ன சொன்னார், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் என்ன சொன்னார் என்று ஒன்றரை மணி நேரமாவது கேட்காமல் யாரும் இந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

கேரம் போர்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "அதில் உட்காருகிறானே, அப்படியானால் வேண்டுமென்றே தானே படிக்க மாட்டேன் என்கிறான்?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்பது கவனமே இல்லாத நிலை அல்ல. கவனத்தைத் தேவையான இடத்துக்குத் திருப்பிப் பிடித்துவைப்பதில் உள்ள சிரமம். கேரமில் ஒவ்வொரு அடிக்கும் உடனே விளைவு தெரிகிறது, காய் விழும் சத்தமே பரிசு, முறை சீக்கிரம் திரும்பி வருகிறது. வாய்ப்பாட்டை இன்று படித்தால் பலன் பரீட்சையில். பலனுக்காகக் காத்திருப்பதே சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது என்றும், இது நிறுத்தும் திறனின் குறையிலிருந்து வேறான இன்னொரு பாதை என்றும் சோனுகா-பார்க் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். ஆகவே கேரம் ஆடுவது ஏ.டி.எச்.டி. இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனால் எதிர்ப்பக்கமாக ஒன்று கேட்பேன்: ஆட்டத்திலும் அவன் அவசரப்பட்டு அடிக்கிறானா, சிவப்பைப் போட்டுவிட்டு அதற்குத் துணைக்காய் போட வேண்டும் என்பதை மறக்கிறானா, தோற்றால் பலகையைக் கவிழ்க்கிறானா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருகில் உட்கார்ந்து பாருங்கள். அதை எழுதிக்கொண்டு வந்தால் எந்த மருத்துவருக்கும் உதவும்.

ஜூலைக் கடைசியில் பிறந்தவன் என்ற செய்தியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. நம் ஊரில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஜூலை 31-ஐ எல்லையாக வைப்பதால், அந்த மாதத்தில் பிறந்தவன் வகுப்பிலேயே இளையவனாகிறான். ஆகஸ்டில் பிறந்த வகுப்புத் தோழன் அவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லையாகக் கொண்ட மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சூட்டப்படும் விகிதம் செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு மாத இடைவெளியில் மூளை மாறிவிடாது. ஆசிரியரின் ஒப்பீடு மாறுகிறது. ஆகவே உங்கள் மகனை மதிப்பிடுபவர் வகுப்பை அளவுகோலாகக் கொள்ளாமல் அவனுடைய சரியான வயதை, மாதக் கணக்கு உட்பட, அளவுகோலாகக் கொண்டாரா என்று கேளுங்கள்.

குறட்டை அடுத்தது. மூக்கின் பின்புறத் திசு, அதாவது அடினாய்டு, வீங்கி இரவில் மூச்சு தடைபடும் பிள்ளை, பகலில் தூங்கி வழிவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிப்பான். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு இது. தூக்கம் கெட்டால் கட்டுப்பாட்டுத் திறனும் கெடும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அப்போதே செவித்திறன் சோதனையும் செய்துவிடுங்கள், கண்ணையும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைந்து, பிறகு எதுவும் நடக்காதது போல் தொடர்கிறானா என்றும் கவனியுங்கள். அது கவனச்சிதறல் போலத் தெரியும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்.

வடசென்னையில் வாழ்பவர்களுக்குக் கூடுதலாக ஈயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுள்ள எழுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்து, ஆசிரியர்களிடம் நடத்தைக் கேள்வித்தாளும் கட்டுப்பாட்டுத் திறன் கேள்வித்தாளும் நிரப்பச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரி அளவு ஒரு டெசிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஈயம் கூடக் கூட நடத்தைச் சிக்கல்களும் கூடின. இன்று அமெரிக்காவில் 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டபின் நிலைமை முன்னேறியது என்றாலும், பழைய பேட்டரியை உடைக்கும் பட்டறை, ஈயம் உருக்கும் இடம், உரிந்து விழும் பழைய பெயின்ட் ஆகியவை வீட்டருகில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மணலியிலும் எண்ணூரிலும் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் பத்து நொடியில் முடியும் கேள்வியைக் கேட்காமல் விடுவது தவறு என்கிறேன்.

வீட்டுச் சூழலையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் குடியிருப்பில், இரவு பதினொன்று வரை டிவி ஓடி, அதிகாலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பும் பெரியவரின் சத்தத்தில் விழிக்கும் பிள்ளை வகுப்பில் கண் சொருகுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவனுக்கு முதலில் தேவை தூக்கம். ஆனால் "இந்த ஏரியாப் பசங்க இப்படித்தான்" என்று சொல்லி, உண்மையிலேயே ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையை விட்டுவிடும் போக்கும் இதே அளவு தீங்கானது. அதே அறையில் அதே நேரத்துக்குப் படுக்கும் அண்ணன் வகுப்பில் கவனிக்கிறான், தம்பியால் முடியவில்லை என்றால் அறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சத்தம் போடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தைகளை யாரும் அழைத்துவருவதே இல்லை. பாட்டி சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். இரட்டையர் ஆய்வுகள் ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கு 70 விழுக்காட்டுக்கு மேல் என்று காட்டுகின்றன.

"மருந்து கொடுத்துப் பார்ப்போம், அடங்கினால் ஏ.டி.எச்.டி." என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். 1978-இலேயே ரப்பபோர்ட் குழுவினர், எந்தக் குறையும் இல்லாத சிறுவர்களுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்தபோது அவர்களுடைய கவனமும் கூடியதைக் காட்டிவிட்டார்கள். முறையாக நோயறிந்தபின் மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து பல பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிறது. அது வேறு விஷயம். நாற்பது அமர்வு மூளைப் பயிற்சிக்கு வருவோம். கணினியில் செயல்நினைவைப் பயிற்றுவித்தால் பயிற்சி அளித்த விளையாட்டில் பிள்ளை தேறுகிறான். அந்தத் தேர்ச்சி வாசிப்புக்கோ கணக்குக்கோ பரவுவதில்லை என்று 2013-இல் மெல்பி-லெர்வோகும் ஹியூமும் தொகுத்துக் காட்டினார்கள். அந்தப் பணத்தை நான் உங்கள் இடத்தில் கட்ட மாட்டேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, நானே இந்தச் சோதனைகளை ஏன் வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பெயர் சூட்டுவதற்கு உதவாத கருவி, உதவியைத் திட்டமிட உதவுகிறது. எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் இரண்டுக்கு மேல் போக முடியாத பிள்ளைக்கு, "பையை வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டு யூனிஃபார்மை மாற்றிவிட்டு வந்து உட்கார்" என்று சொல்வது வீண். ஒரு நேரத்தில் ஒன்று சொல்ல வேண்டும், வகுப்பில் படிகளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நிறுத்துவதில் மட்டும் தடுமாறுபவனுக்கு, பதில் எழுதும் முன் விரலால் கேள்வியின் கடைசிச் சொல்லைத் தொட வேண்டும் என்ற ஒரு சிறு பழக்கம் வேலை செய்கிறது. விதி மாறும்போது உடைந்துபோகும் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. என்ற ஒரே பெயருள்ள இரு பிள்ளைகளுக்கு வெவ்வேறு உதவி தேவைப்படுவதும், ஆட்டிசம் என்றும் டிஸ்லெக்சியா என்றும் வெவ்வேறு பெயருள்ள இருவருக்கு ஒரே உதவி போதுமானதாக இருப்பதும் இங்கேதான் விளங்குகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவோ, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையோ உங்களுக்கு எட்டும் தூரம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, பயணம்தான் நீளம். தனியாரிடம் போனால், மதிப்பிடுபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். போகும்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து உள்ள நோட்டுப் புத்தகங்கள், ஆசிரியர் கைப்பட எழுதிய ஒரு பக்கம், இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு, முன்பு கொடுத்த இரண்டு அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கு அவை எந்தக் கணினி அறிக்கையையும்விட மதிப்பு மிக்கவை.

வாசிப்பையும் எழுத்தையும் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடும், அறிவுத்திறன் குறைபாடும் உள்ளன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் எட்டு வயது நிறைந்தபின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அது வழி திறக்கும்.

மறுபடியும் அந்தக் கணினிச் சோதனையை எடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை ஆடிவிட்டதால் அவனுக்கு விளையாட்டு பழகிவிட்டது. மூன்றாவது முறை வரும் எண் அவனுடைய கட்டுப்பாட்டைவிட அவனுடைய பழக்கத்தையே கூடுதலாகக் காட்டும். முதலில் மூக்கையும் காதையும் பார்த்து, தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். நோயறிதலுக்கான உரையாடல் அதன்பின் நடக்கட்டும். அதற்குப் பிறகும் பள்ளியில் எந்த வகை உதவி வேண்டும் என்று தெளிவாகாவிட்டால், ஓராண்டு கழித்து, தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவரிடம், காலை நேரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்.